கீமோவும் கொக்கி வைக்காத ஜாக்கெட்டுகளும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பி.காம். மூன்றாம் வருடம். பத்தாம் வகுப்போடு உயிரியலுக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவள். பிளஸ் ஒன்னில் தவளையை அறுக்கச் சொல்வார்கள் என்று எதிர் வீட்டு அக்கா பயமுறுத்தியதில்தான் காமர்ஸ் குரூப்பே எடுத்தேன் (இண்டர்வியூவில் கேட்டால் சொல்ல வேறு காரணம் வைத்திருக்கிறேன் :-)). போன தடவை ஜி.எஸ்.டி. பற்றி எழுதியவள் இப்போது நரம்பைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று நினைக்காதீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வீடு மதுரையில். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். இருபது வருடத் தொழில். என் பள்ளிக்கூட ஃபீஸ், காலேஜ் ஃபீஸ், இதை டைப் செய்கிற செகண்ட் ஹாண்ட் கம்ப்யூட்டர் எல்லாம் அந்த மிஷினிலிருந்து வந்ததுதான். ஜாக்கெட் தைக்கிறவர்கள் வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், மிஷினில் அடிப்பது பாதி வேலைதான். மீதி எல்லாம் கைத்தையல். கழுத்துக்கு ஹெம்மிங், கைக்கு ஹெம்மிங், முன்பக்கம் கொக்கி. அம்மா டி.வி. பார்த்துக்கொண்டே கொக்கி வைப்பாள். துணியைப் பார்க்கவே மாட்டாள். கண் சீரியலில், விரல் துணியில். நான் சின்ன வயதில் அம்மாவுக்கு விரலில் கண் இருக்கிறது என்று வகுப்பில் சொல்லி அடி வாங்கியிருக்கிறேன்.

2024 ஏப்ரலில் அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. மே மாதம் ஆபரேஷன். ஜூனிலிருந்து கீமோ. முதல் நாலு தடவை 21 நாளைக்கு ஒருமுறை, பார்க்கவே ரோஸ் மில்க் மாதிரி சிவப்பாக இருக்கிற மருந்தும் கூட இன்னொன்றும். முடி போனது, வாந்தி வந்தது. சினிமாவில் காட்டுகிற கீமோ எல்லாம் இதுதான். செப்டம்பரிலிருந்து மருந்து மாறியது. பாக்ளிடாக்சல். வாரா வாரம், மொத்தம் 12 வாரம். அது வந்ததும் எங்கள் வீட்டில் ஒரு சின்னத் திருவிழாவே நடந்தது. வாந்தி நின்றுவிட்டது. சோறு இறங்கியது. மூன்றாவது வாரம் அம்மா வாயைத் திறந்து குஸ்கா கேட்டாள். "இது நல்ல மருந்து" என்று நானே பக்கத்து வீட்டில் எல்லாம் போய்ச் சொன்னேன்.

தீபாவளிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். புது ஆர்டர் எதுவும் எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். ஆனால் இருபது வருட வாடிக்கையை அப்படித் திருப்பி அனுப்ப மனசு வருமா? தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று ஒரு ஏழெட்டு ஜாக்கெட் வாங்கி வைத்திருந்தாள். அதில் ஒன்று சந்தன நிறப் பட்டுத் துணி. காலையில் எழுந்து பார்க்கிறேன், கழுத்து ஓரத்தில் வரிசையாகச் சிவப்புப் புள்ளி. ஏதோ எம்பிராய்டரி என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் அம்மாவின் விரலைப் பார்த்தால், ஆள்காட்டி விரல் நுனியில் நாலைந்து இடத்தில் ஊசி குத்தியிருக்கிறது. அம்மாவுக்குத் தெரியவில்லை. நான் காட்டிய பிறகுதான் பார்த்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? திட்டினேன். "டி.வி.ய பாத்துக்கிட்டே தைக்காதன்னா கேக்கறியா? இப்ப இந்தத் துணிக்கு யாரு காசு குடுக்கறது?" அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எச்சிலைத் தொட்டு அந்தப் புள்ளிகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். (நம் ரத்தக் கறை நம் எச்சிலுக்குப் போகும் என்பது தையல்காரர்கள் வழக்கம்.) தேய்த்துக்கொண்டே, டி.வி. நேற்று ஓடவே இல்லை பாப்பா, கரண்ட் இல்லையே என்றாள். அவ்வளவுதான். எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மூன்று வாரமாக அம்மாவின் ஜாக்கெட்டுக்குக் காலையில் கொக்கி மாட்டி விடுவது நான்தான். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை சரியாகத் தூக்க வராது, அதனால் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஆபரேஷன் முடிந்த ஜூன், ஜூலையில் அவளே மாட்டிக்கொண்டாளே? செப்டம்பர் கடைசியில் ஒருநாள் பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடக்கிறது, அம்மா பாட்டுக்கு ஒரு காலில் செருப்போடு நடந்து போகிறாள். ஒரு பூக்கார அம்மாதான் கூப்பிட்டுச் சொன்னார்கள். நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதை நான் வகுப்பில் வந்து காமெடியாகச் சொன்னதுகூட என் நண்பர்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அது காமெடி இல்லை. அம்மாவின் கால் விரல்களுக்கு அப்போதே செருப்பு இருப்பது தெரியவில்லை.

எட்டாவது ஊசிக்குப் போன அன்று நான்தான் டாக்டரிடம் சொன்னேன். அம்மா என் கையைக் கிள்ளினாள் (கிள்ளலில் பலமே இல்லை, அதுவும் அப்போதுதான் உறைத்தது). டாக்டர் ஒரு இசைக்கவையை எடுத்தார். ஆமாம், பத்தாம் வகுப்பு லேபில் தட்டி விளையாடினோமே, அதேதான். தட்டி அம்மாவின் கால் கட்டை விரல் எலும்பில் வைத்து, "அதிருதாம்மா?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். அவருக்கு என்ன பதில் வேண்டுமோ அதைச் சொல்லத் தயார் என்கிற மாதிரி ஒரு பார்வை. "கண்ண மூடிட்டுச் சொல்லுங்க" என்றார். கணுக்கால் வரைக்கும் அதிர்வு தெரியவில்லை. "எப்பலேருந்து?" "நாலாவது ஊசிலேருந்து லேசா குறுகுறுன்னு இருந்துச்சு சார்." "ஒவ்வொரு வாரமும் கேட்டேனே, ஏம்மா சொல்லல?"

அம்மா சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "சொன்னா மருந்தக் கொறச்சிருவீங்கள்ல சார். கொறச்சா திரும்ப வந்துருச்சுன்னா? வெரலு போனா போவுது."

இந்த ஒரு வாக்கியம்தான் என்னை ராத்திரி எல்லாம் உட்கார்ந்து படிக்க வைத்தது. ஏனென்றால் எனக்கு அடிப்படையே புரியவில்லை. வேகமாகப் பிரிந்து பெருகுகிற செல்களைக் கீமோ கொல்லும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரி. கேன்சர் செல் வேகமாகப் பெருகும். மயிர்க்கால் செல்லும் பெருகும், அதனால் முடி கொட்டுகிறது. குடலின் உள்பக்கச் செல்லும் பெருகும், எலும்பு மஜ்ஜையும் அப்படித்தான். ஆனால் நரம்பு செல்? அது பிரிவதே இல்லை. நாம் பிறக்கும்போது இருந்ததுதான் கடைசி வரைக்கும். பிரியாத செல்லைப் பிரிகிற செல்லுக்கான மருந்து எதற்குத் தொட வேண்டும்?

பதில் கிடைத்தபோது, நிஜமாகவே, நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நுண்குழாய்கள் என்று மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. குறுக்களவு 25 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனில் சுமார் மூவாயிரத்தில் ஒரு பங்கு. டியூபுலின் என்ற புரதத் துண்டுகளைச் செங்கல் அடுக்குகிற மாதிரி அடுக்கிக் கட்டியவை. கட்டுவதும் கலைப்பதும் நடந்துகொண்டே இருக்கும். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துப் பங்கு பிரிப்பது இந்தக் குழாய்கள்தான். பாக்ளிடாக்சல் போய் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு கலைய விடாமல் செய்துவிடுகிறது. குழாய் விறைத்து நிற்கிறது, பங்கு பிரிக்க முடியவில்லை, கேன்சர் செல் பாதியில் மாட்டிச் சாகிறது. இதை 1979 இல் கண்டுபிடித்துச் சொன்னவர் சூசன் ஹார்விட்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி.

இதே குழாய்க்கு நரம்பு செல்லில் வேறு வேலை. அங்கே அதுதான் தண்டவாளம்.

கொஞ்சம் அளவுகளைப் பாருங்கள். கால் கட்டை விரலின் உணர்ச்சியைக் கொண்டுவருகிற நரம்பு செல்லின் உடல், இடுப்புக்குக் கீழ்ப்பக்கம் முதுகுத்தண்டை ஒட்டி ஒரு சின்ன முடிச்சுக்குள் இருக்கிறது. அளவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதிலிருந்து கிளம்பும் இழை தொடை, முழங்கால், கணுக்கால் எல்லாம் தாண்டி விரல் நுனி வரைக்கும் போகிறது. கிட்டத்தட்ட 1 மீட்டர். செல்லின் உடலை ஒரு கிரிக்கெட் பந்து அளவுக்குப் பெரிதாக்கினால் அதன் வால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும். அந்த வாலின் நுனிக்கு வேண்டிய சரக்கு, அதாவது புரதம், மைட்டோகாண்ட்ரியா எல்லாம் பெரும்பாலும் முதுகுப் பக்கத்து முடிச்சில்தான் தயாராகிறது. நுண்குழாய் மேல் கினெசின் என்ற குட்டி மோட்டார் புரதங்கள் அதை இழுத்துக்கொண்டு நடக்கின்றன. வேகமான சரக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிமீட்டர் வரை போகும். அதாவது இடுப்பிலிருந்து கால் விரலுக்கு இரண்டரை நாள் பிரயாணம். (நம்ம ஊர் பார்சல் ஆபீஸை நினைத்தால் பரவாயில்லை என்றுதான் தோன்றுகிறது.)

இப்போது தண்டவாளத்தை மருந்து பிடித்துக்கொண்டு கெட்டியாக்கிவிட்டது. சரக்கு ஒழுங்காகப் போகவில்லை. ரயில் ஓடாவிட்டால் முதலில் தட்டுப்பாடு எங்கே வரும்? மதுரை ஜங்ஷனிலா, கடைக்கோடி ராமேஸ்வரத்திலா? அதேதான். மிக நீளமான நரம்பின் கடைசி நுனி முதலில் பட்டினி கிடக்கிறது. அதனால்தான் மரத்துப்போவது கால் விரலில் ஆரம்பிக்கிறது, பிறகு பாதம், பிறகு கை விரல் நுனி. கடைசியில் பார்த்தால் சாக்ஸும் கிளவுஸும் போட்ட இடம் மட்டும் மரத்த மாதிரி இருக்கும். டாக்டர்களும் அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கும் கால்தான் முதலில் போனது. ஆனால் அவளுக்கு வேலை விரலில் என்பதால் விரல்தான் முதலில் கண்ணில் பட்டது.

இது ஒன்று மட்டுமே காரணம் இல்லை என்றும் படித்தேன். மருந்து நரம்பின் மைட்டோகாண்ட்ரியாவையும் கெடுக்கிறது, முடிச்சைச் சுற்றி அழற்சியையும் கிளப்புகிறது. இன்னொரு கேள்விக்கும் விடை கிடைத்தது. மூளையிலும் நரம்பு செல்தானே இருக்கிறது, அது ஏன் தப்பித்தது? மூளைக்கு ஒரு காவல் உண்டு. ரத்தத்திலிருந்து கண்டதும் உள்ளே போகாமல் தடுக்கிற சுவர். தண்டுவடத்துக்கும் அந்தச் சுவர் உண்டு. தசைகளை அசைக்கிற நரம்பு செல்களின் உடல் அந்தச் சுவருக்கு உள்ளே இருக்கிறது. உணர்ச்சி நரம்பின் முடிச்சு மட்டும் சுவருக்கு வெளியே, வாட்ச்மேன் இல்லாத வீடு மாதிரி. அங்கே இருக்கிற ரத்தக் குழாய்களும் ஓட்டையானவை. அதனால்தான் அம்மாவால் விரலை மடக்க முடிகிறது, நீட்ட முடிகிறது, ஆனால் விரலில் ஊசி இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

இந்த மருந்து வந்த கதையும் சுவாரசியம்தான். அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து எடுத்தது. 1962 இல் பட்டையைச் சேகரித்தார்கள். அதிலிருந்து மருந்தைப் பிரித்து அதன் அமைப்பை 1971 இல் வெளியிட்டவர்களில் முக்கியமான இரண்டு பேர் மன்ரோ வால், மன்சுக் வானி. வானி நம் ஊர்க்காரர், மகாராஷ்டிராவில் பிறந்தவர். 1992 இல்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முப்பது வருடம்! நம் செமஸ்டர் ரிசல்ட் லேட்டானதற்கு நான் இனிமேல் புலம்ப மாட்டேன்.

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. நித்தியகல்யாணி. சுடுகாட்டுப் பூ என்று சொல்லி வீட்டில் வைக்க விடமாட்டார்களே, அந்தச் செடிதான். அதிலிருந்துதான் வின்கிறிஸ்டின் என்ற மருந்து வருகிறது. 1963 இலிருந்து குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு அதுதான் பெரிய கை. ஆனால் அது பாக்ளிடாக்சலுக்கு நேர் எதிர். இது குழாயைக் கலைய விடாது, அது குழாயைக் கட்டவே விடாது. தண்டவாளத்தை வெல்டிங் செய்து வைத்தாலும் ரயில் ஓடாது, பெயர்த்துப் போட்டாலும் ஓடாது. இரண்டிலும் நரம்புக்கு ஒரே கதி. வின்கிறிஸ்டின் ஏறிய குழந்தைகள் சிலர் முன்பாதத்தைத் தூக்க முடியாமல் தட்டித் தட்டி நடப்பார்கள். டே கேர் வார்டில் அப்படி ஒரு பையனைப் பார்த்திருக்கிறேன். ஐந்து வயது இருக்கும். எல்லாருடைய செருப்பையும் மாற்றி மாற்றி வைத்துவிட்டு ஓடுவான். ஓட்டம் என்றால் டப், டப் என்று ஒரு சத்தம்.

அதே வார்டில் குடல் புற்றுநோய்க்கு வந்துகொண்டிருந்த ஒரு அண்ணன் சொன்னது வேறு ரகம். அவருக்கு ஆக்ஸாலிபிளாட்டின். பிளாட்டினத்தில் செய்த மருந்து. முதல் ஊசி முடிந்து வெளியே வந்தவர் நல்ல வெயில் என்று ஜிகர்தண்டா வாங்கிக் குடித்திருக்கிறார். ஒரு வாய்தான். தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சே நின்ற மாதிரி ஆகிவிட்டதாம். மறுநாள் ஃபிரிட்ஜிலிருந்து எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்தால் கையில் ஷாக் அடித்த மாதிரி. அந்த மருந்தின் குணம் அது. நரம்பின் மின்சார வாசல்களைக் கெடுத்து, சில நாளைக்குக் குளிர்ச்சி என்றாலே அலற வைக்கும். அது போய்விடும். ஆனால் ஊசிகள் சேரச் சேர வருகிற மரப்பு வேறு, அது நீடிக்கும். பிளாட்டினம் அந்த முடிச்சிலேயே போய்த் தங்கிவிடுகிறது. சிகிச்சை முடிந்த பிறகும் இரண்டு மூன்று மாதம் மரப்பு ஏறிக்கொண்டே போகும். எஞ்சினை அணைத்த பிறகும் வண்டி ஓடுகிற மாதிரி.

சரி, காமர்ஸ் மாணவிக்குத் தெரிந்த இடத்துக்கு வருகிறேன்.

இந்தப் பாதிப்பை அளக்க டாக்டர்கள் ஒரு கிரேடு வைத்திருக்கிறார்கள். லேசான குறுகுறுப்பு என்றால் கிரேடு 1. சமையல், கடை கண்ணிக்குப் போவது, பணம் எண்ணுவது போன்ற வேலைகளுக்கு இடைஞ்சல் என்றால் கிரேடு 2. குளிக்க, உடுத்த, சாப்பிட என்று சொந்த உடம்பைப் பார்த்துக்கொள்வதற்கே இடைஞ்சல் என்றால் கிரேடு 3. பெரும்பாலும் மருந்தைக் குறைப்பதா நிறுத்துவதா என்ற முடிவில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் டாக்டர்கள் கேட்கும் கேள்வி "பட்டன் போட முடியுதா?"

அம்மாவிடமும் கேட்டார்களாம். முடியுது சார் என்றாளாம். பொய்யும் இல்லை. நர்ஸ் கொடுத்த கவுனில் பெரிய பட்டன், கண்ணால் பார்த்துப் பார்த்துப் போட்டுவிட்டாள். இருபது வருடம் பட்டனோடு வாழ்ந்தவளிடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்டால்? ஒரு சாதாரண ஆளுக்கு மரத்த விரலும் அம்மாவுக்கு மரத்த விரலும் பேப்பரில் ஒரே கிரேடு. எங்கள் வீட்டுக் கணக்கில் ஒன்று இல்லை. அக்கவுண்டன்சியில் மெட்டீரியாலிட்டி என்று ஒரு கோட்பாடு படித்திருப்போமே, நூறு ரூபாய் பெரிய கம்பெனிக்குத் தூசி, பெட்டிக்கடைக்கு ஒருநாள் லாபம். எது பெரிது என்பது யார் கணக்கு என்பதைப் பொறுத்தது. எனக்குத் தேர்வில் அதற்கு ஐந்து மார்க் கிடைத்தது. அர்த்தம் அந்தச் சந்தனத் துணியைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. கிரேடு போடுவதைத் தப்பென்று சொல்லவில்லை, ஆயிரக்கணக்கானவர்களை ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும்தான். ஆனால் "நீங்க என்ன வேலை பாக்கறீங்க? கையால என்னெல்லாம் செய்வீங்க?" என்று அன்றைக்கு டாக்டர் கேட்டதும் அம்மா அழுதுவிட்டாள். நாலு மாதச் சிகிச்சையில் அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

டாக்டர் அந்த வாரம் ஊசி போடவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அளவைக் குறைத்து மீதி ஐந்தையும் போட்டார். அம்மாவின் பயத்துக்கு அவர் சொன்ன பதில்: "கொறைக்கறது நிறுத்தறது இல்லம்மா. எவ்வளவு கொறைக்கலாம்னு இந்த மருந்துக்கு ஒரு கணக்கு இருக்கு. நீங்க சொல்லலன்னா எனக்குக் கணக்கே தப்பாப் போயிரும்." இது சமாதானத்துக்குச் சொன்னதா என்று நான் தேடிப் பார்த்தேன். குடல் புற்றுநோயில் ஆக்ஸாலிபிளாட்டினை ஆறு மாதம் கொடுப்பதா மூன்று மாதம் போதுமா என்று 12,000 பேருக்கு மேல் வைத்து ஆராய்ந்து 2018 இல் முடிவு வெளியிட்டிருக்கிறார்கள். மீண்டும் வரும் ஆபத்து குறைவாக இருக்கிறவர்களுக்கு மூன்று மாதமே கிட்டத்தட்ட அதே பலன். நரம்புப் பாதிப்போ பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. எல்லோருக்கும் இது பொருந்தாது, அது வேறு மருந்து, வேறு நோய். ஆனாலும் நிறைய ஏற்றினால் நிறைய நல்லது என்ற அம்மாவின் கணக்கு எப்போதும் சரி இல்லை என்று தெரிந்ததே எனக்குப் பெரிய ஆறுதல்.

இது அம்மா ஒருத்திக்கு வந்த அபூர்வமும் இல்லை. 31 ஆய்வுகளில் இருந்த 4,179 நோயாளிகளின் கணக்கைச் சேர்த்து 2014 இல் ஒரு கட்டுரை வந்தது. இப்படி நரம்பைத் தாக்குகிற கீமோ மருந்துகள் முடிந்த முதல் மாதத்தில் 68 சதவீதம் பேருக்குப் பாதிப்பு. ஆறு மாதம் கழித்தும் 30 சதவீதம் பேருக்கு இருந்தது. நூறில் அறுபத்தெட்டு! முடி கொட்டும் என்று எல்லோருக்கும் தெரிகிறது, இது ஏன் யாருக்கும் தெரிவதில்லை? வெளியில் பார்க்க ஒன்றும் இல்லாததாலோ என்னவோ.

விஷயம் வெளியே தெரிந்ததும் மருந்துக்கடை வைத்திருக்கிற உறவுக்காரர் ஒருவர் பாசத்தோடு ஒரு பை நிறைய "நரம்பு மாத்திரை" கொண்டுவந்தார். அதில் ஒரு அட்டையில் அசிட்டைல் எல் கார்னிடின் என்று இருந்தது. பெயரைத் தேடியதும் தூக்கிவாரிப் போட்டது. இந்த நரம்புப் பாதிப்பைத் தடுக்குமா என்று அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 409 பெண்களிடம் அதைச் சோதித்து 2013 இல் முடிவு சொல்லியிருக்கிறார்கள். 24 வாரம் சாப்பிட்டவர்களுக்கு மரப்பு குறையவில்லை, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அதிகமாகியிருந்தது. காசு கொடுத்து வினையை வாங்குவது என்பது இதுதானா? வைட்டமின் பி6 கூட அளவுக்கு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். பையை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். இரண்டைத் தவிர மீதி எல்லாம் திரும்பக் கடைக்கே போனது. உறவுக்காரருக்கு என் மேல் இன்னும் கோபம்தான். "பி.காம். படிக்கிற புள்ள எனக்கு மருந்து சொல்லிக் குடுக்குது" என்று கல்யாண வீட்டில் சொன்னாராம்.

அப்படியானால் எதுதான் வேலை செய்கிறது? நிச்சயமாகத் தடுக்கும் என்று பரிந்துரைக்கிற அளவுக்கு நிரூபணமான மாத்திரை ஒன்றும் இல்லை. எரிச்சலும் வலியும் இருந்தால் டுலாக்ஸெடின் ஓரளவு வலியைக் குறைக்கும் என்று 2013 இல் நிரூபித்திருக்கிறார்கள், மரத்த விரலில் உணர்ச்சியை அது கொண்டுவராது. அம்மாவுக்கு வலி இல்லை, அதனால் தரவில்லை. ஊசி ஏறும்போது உறைய வைத்த கிளவுஸையும் சாக்ஸையும் மாட்டி ஜப்பானில் பார்த்திருக்கிறார்கள். ஒரே ஆளுக்கு ஒரு பக்கம் மட்டும் மாட்டி, இன்னொரு பக்கத்தோடு ஒப்பிட்டு 2018 இல் வெளியிட்டார்கள். குளிர்ந்த பக்கம் மரப்பு குறைவு. குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், மருந்து விரல் நுனிக்குக் குறைவாகப் போகும், அதுதான் யோசனை. எவ்வளவு எளிமை! இன்னும் பெரிய ஆய்வுகள் வேண்டும் என்கிறார்கள். (ஜிகர்தண்டா அண்ணன் மாதிரி ஆக்ஸாலிபிளாட்டின் ஆட்கள் இதை முயற்சி செய்துவிடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.) ஆய்வுக்கூடத்தில் இன்னொன்றும் நடக்கிறது. நரம்பு இழை தானாகப் பட்டுப்போவதில்லையாம், சார்ம்1 என்ற புரதம் உள்ளிருந்தே அதை அழித்துவிடுகிறதாம். அந்தப் புரதம் இல்லாத எலிகளுக்கு வின்கிறிஸ்டினோ பாக்ளிடாக்சலோ கொடுத்தால் நரம்பு பெரும்பாலும் தப்பிக்கிறது. அதை அணைக்கிற மருந்து மனிதர்களுக்கு வந்தால் நன்றாக இருக்கும். எலிகள் அதிர்ஷ்டசாலிகள்.

நவம்பர் கடைசியில் அம்மாவின் 12 ஊசியும் முடிந்தது. மரப்பு உடனே போகவில்லை, முதல் சில வாரம் கொஞ்சம் கூடவே செய்தது. நரம்பு திரும்ப வளரும், ஆனால் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். பத்து சென்டிமீட்டர் பட்டுப்போயிருந்தால் நூறு நாள். வளரும்போது எல்லோருக்கும் முழுசாகத் திரும்புவதில்லை என்பதும் உண்மை. சமையலறையில் துணி இல்லாமல் பாத்திரத்தை இறக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன், வீட்டுக்குள்ளும் செருப்பு, ராத்திரி படுக்கும் முன் பாதத்தில் காயம் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அம்மா மிஷினில் அடிப்பாள். கொக்கியும் ஹெம்மிங்கும் நான். என் ஹெம்மிங்கைப் பார்த்துவிட்டு ஒரு வாடிக்கையாளர் "வேற ஆள் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்கள். அம்மா ஆமாம் என்று சொல்லிவிட்டாள். துரோகி.

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை ஒரு விளையாட்டு உண்டு. வெட்டுத்துணிப் பையிலிருந்து பத்துத் துண்டு எடுப்பேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு தொட்டே சொல்ல வேண்டும், காட்டனா, டூ பை டூவா, பட்டா, லைனிங்கா என்று. நான் ஒரு பழைய லெட்ஜரில் தேதி போட்டு எழுதுகிறேன். இது மருத்துவச் சோதனை எல்லாம் இல்லை, நாங்களாகச் செய்துகொண்டது. முதல் நாள் பத்துக்கு இரண்டு. அதில் ஒன்று குருட்டு அதிர்ஷ்டம் என்று அவளே ஒப்புக்கொண்டாள். பொங்கலுக்கு நாலு. அப்புறம் ரொம்ப நாள் நாலிலேயே நின்றது. ஒரு வாரம் மூன்றுக்கு இறங்கியபோது பையைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டாள், இரண்டு ஞாயிறு விளையாடவில்லை. பிறகு அவளே எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

போன ஞாயிறு ஏழு. தப்பிய மூன்றில் ஒன்று அந்தச் சந்தனப் பட்டின் மிச்சத் துண்டு, அதை வேண்டுமென்றே நான் தினமும் பைக்குள் போடுகிறேன். மற்ற இரண்டும் ஷிஃபானை ஜார்ஜெட் என்றும் ஜார்ஜெட்டை ஷிஃபான் என்றும் மாற்றிச் சொன்னது. எனக்கு அது இரண்டும் கண்ணைத் திறந்து வைத்துப் பார்த்தாலும் ஒன்றுதான். அதனால் ஒன்பது என்று போடலாமே என்றேன். அம்மா லெட்ஜரை வாங்கி, ஏழு என்று அவள் கையாலேயே எழுதினாள்.